கொடிக்கம்பி

...இல்லை, இது காற்றில்லை, காற்றென்றால் ஒரு பக்கமிருந்து வரும், இது நாலு பக்கமும் நின்று எங்கள் கூரையைப் பிடித்து உலுக்குகிறது, ஓலை பிய்கிற ஒவ்வொரு தடவையும் யாரோ புதுத்துணியைக் கிழிப்பதுபோல் சத்தம் வருகிறது, அம்மா மூலையில் அரிசிப் பானையைக் கட்டிக்கொண்டு குந்தியிருக்கிறாள், அண்ணன் வாசற்படியில் நின்று எதிர்வீட்டையே பார்க்கிறான், இன்னும் பொழுது முழுசாகப் போகவில்லை, ஆனால் வீட்டுக்குள் அம்மாவின் முகம் தெரியவில்லை, அவ்வளவு இருட்டு. நான் என்ன வேண்டிக்கொண்டிருந்தேன்? கூரை நிற்கட்டும் என்றா, விழட்டும் என்றா, விழுந்தால் அவன் மேல் மட்டும் விழட்டும் என்றா... மத்தியானம் அவன் பெல்ட்டால் அடித்த இடத்தில் பாவாடை நாடா படும்போதெல்லாம் எரிகிறது. படப்பை பஸ் ஸ்டாண்டில் ஒரு பையனிடம் பஸ் போய்விட்டதா என்று கேட்டேன், அவ்வளவுதான், அதை அண்ணனுடைய கூட்டாளி சுப்பிரமணி பார்த்தானாம், அண்ணனிடம் வந்து சொன்னானாம், பகலவனுடைய தங்கச்சி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள் என்று. பல்லைக் காட்டினேனா? கேட்கும்போது சிரித்தேனோ என்னவோ, சிரித்தால்தான் என்ன? "மூஞ்சில அடிக்காதடா, வயசுப் பொண்ணு, நாளைக்கு நாலு பேரு பாப்பாங்க" என்று அம்மா சொன்னாள். அடிக்காதே என்று சொல்லவில்லை, மூஞ்சியில் அடிக்காதே என்றுதான் சொன்னாள், அவனும் அம்மா பேச்சைத் தட்டாத பிள்ளைபோல் முதுகுக்கு மாறினான்.

எங்கள் வரிசையில் கரண்ட் போய்விட்டது, எதிர்வரிசையில் எபினேசர் அண்ணன் வீட்டில் பல்பு எரிகிறது. அது எங்கள் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. இந்தக் காலனியில் எங்கள் வரிசைக்கு ஒரு கரண்ட் கம்பி, எதிர்வரிசைக்கு ஒரு கம்பி, எங்கள் கம்பி செத்தால் ஆம்பிளைகள் மூங்கில் கழியை எடுத்து கொக்கியைத் தூக்கி அந்தக் கம்பியில் மாட்டிவிடுவார்கள், அந்தக் கம்பி செத்தால் அவர்கள் இங்கே மாட்டுவார்கள், கேட்டால் கொக்கி மாத்துறோம் என்பார்கள், பல் விளக்குவதுபோல் அத்தனை சாதாரணமாக, வெயில் நாளில் பீடியைக்கூட வாயிலிருந்து எடுக்காமல் செய்வார்கள். குடிசைக்கு சர்க்கார் கணக்கில் ஒத்தை பல்புதான் அனுமதி, அதற்கு மேல் ஃபேன், ரேடியோ எல்லாம் கொக்கி புண்ணியத்தில்தான் ஓடும். கொக்கியிலிருந்து வருகிற ஒயர் காற்றில் தொங்கி ஆடக்கூடாதென்று துணி காயப்போடுகிற கொடிக்கம்பியோடு சேர்த்துச் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறோம், நாங்கள் மட்டுமில்லை, எல்லா வீட்டிலும் அப்படித்தான், அந்தக் கம்பியில்தான் என் தாவணியும் அம்மா புடவையும் காயும், யாருக்கும் எதுவும் தோன்றியதில்லை.

"அவன் வூட்ல மட்டும் ஜம்முனு எரியுது, நம்ம வூடு சுடுகாடு மாரி கீது" என்றான் அண்ணன்.

"காத்து அடங்கட்டும்டா, இப்ப இன்னா அவசரம்? ராத்திரி ஒரு நாளு இருட்டுல சாப்ட்டா செத்தா பூடுவோம்?"

"நீ சும்மா கெடம்மா. ஏய் தாமர, கழி எங்கடி?"

கழி வெளியே கொட்டகையோரம் கிடக்கிறது, முழுக்க நனைந்திருக்கிறது, ஈரக்கழி அண்ணா, சொல்லலாமா என்று நினைத்தேன், நினைத்தேன்தான், வாய் வரைக்கும் வந்தது, ஆனால் மத்தியானத்திலிருந்து அவனோடு பேசுவதில்லை என்று வைத்திருந்தேன், அந்த வைராக்கியம் அந்த நேரத்தில் பெரிதாக இருந்தது. கையை மட்டும் காட்டினேன். அவன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் முழங்காலளவு நிற்கிற மழைத்தண்ணீரில் இறங்கினான், செருப்பில்லை, காற்று அவனைத் தள்ளுகிறது, அவன் கெட்ட வார்த்தையில் காற்றைத் திட்டுகிறான், காற்றைக்கூட அவனால் சும்மா விட முடியாது, கழியை ஆட்டி ஆட்டி மேலே துழாவுகிறான், கொக்கி ஒரு தடவை வழுக்குகிறது, இன்னொரு தடவை... பல்பு எரிந்துவிட்டது. வீட்டுக்குள் மஞ்சளாக வெளிச்சம் விழுந்தது, அம்மா பானையை விட்டுவிட்டுச் சிரித்தாள், எனக்கும் ஒரு நொடி சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். "இன்னா எபி, பாத்தியா, உன் கரண்டு என் வூட்ல!" என்று அண்ணன் கத்தினான். எபினேசர் அண்ணன் தன் வாசலிலிருந்து என்னவோ பதிலுக்குக் கத்தினார், காற்றில் கேட்கவில்லை. அண்ணன் கழியைப் போட்டுவிட்டுத் திரும்பினான், வாசலோரம் சேற்றில் கால் வழுக்கியது, விழாமலிருக்கக் கைக்கு எட்டியதைப் பிடித்தான்.

கொடிக்கம்பியைப் பிடித்தான். பிடித்தவன் விடவில்லை. விளையாடுகிறான் என்று நினைத்தேன், ஏனென்றால் சிரித்த முகம் அப்படியே நின்றது, பல்லெல்லாம் தெரிந்தது, ஆனால் கழுத்து நரம்பு கயிறுபோல் எழுந்து, உடம்பு முழுக்க உதறுகிறது, வாயிலிருந்து ஒரு சத்தம், மாட்டை இழுத்துக் கட்டினால் வருகிற சத்தம். காற்று ஒயரை ஆட்டி ஆட்டிக் கம்பியில் தேய்த்து மேல்தோலை உரித்துவிட்டதா, எப்போதிருந்து உரிந்திருந்தது, நேற்று நான் தாவணி எடுத்தேனே அந்தக் கம்பியிலிருந்து... "ஐயோ எம்புள்ள" என்று அம்மா ஓடினாள், நான் அவள் கொண்டையைப் பிடித்தேன். ஆமாம், பெற்ற அம்மாவின் கொண்டையைத்தான், பிடித்துப் பின்னால் இழுத்தேன், அவள் என் கையைக் கடித்தாள், நான் முழங்காலால் அவள் வயிற்றில் இடித்தேன், அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். தொட்டால் அவளும் ஒட்டிக்கொள்வாள், அவளைத் தொட்டால் நானும், மூன்று பேரும் வரிசையாக, துணி காய்கிறமாதிரி. எதிரே எபினேசர் அண்ணன் தொண்டை கிழியக் கத்துகிறார், "தொடாத! தொடாதம்மா! காஞ்ச கட்டையால அடி, பலக மேல நின்னுக்கினு அடி!" அவரால் தெருவைத் தாண்ட முடியவில்லை, தண்ணீர் இழுக்கிறது, கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

மெயினை அணைத்தால் போதுமே, அணை, ஓடு... எந்த மெயின்? கொக்கிக்கு மெயின் ஏது? காய்ந்த கட்டை, இந்த மழையில் காய்ந்தது எது, உலக்கை, உள்ளே சுவரில் சாத்திய உலக்கை. ஒரு முனையில் இரும்புப் பூண் இருக்கிறது, இரும்பு ஆகாது, பூண் என் கையிலும் படக்கூடாது, அவன் மேலும் படக்கூடாது, நடுவில் பிடித்து மொட்டை முனையால் அடிக்க வேண்டும், இதெல்லாம் அந்த நொடியில் எப்படி அவ்வளவு தெளிவாகத் தோன்றியது, பரீட்சையில் ஒரு நாளும் தோன்றியதில்லையே. உட்காருகிற மணையைத் தண்ணீருக்கு மேலே தெரிந்த துணிதுவைக்கிற கல்லில் வீசி, அதில் ஏறி நின்று, அவன் கையைப் பார்த்தேன். நரம்பு புடைத்த கை. மத்தியானம் பெல்ட்டைச் சுற்றிப் பிடித்திருந்ததும் இதே பிடிதான். ஓங்கி அடித்தேன். மணிக்கட்டுக்கு மேலே, ஈர விறகு முறிகிற சத்தம், விரல்கள் விரிந்தன, விரிந்ததை நான் பார்த்தேன், நன்றாகப் பார்த்தேன், வீட்டுக்குள்ளிருந்து பல்பு வெளிச்சம் அவன் கைமேலேயே விழுந்திருந்தது. அவன் விட்டுவிட்டான். கீழே விழுந்துகொண்டிருந்தான். ஆனால் உலக்கை மறுபடியும் மேலே போயிருந்தது, தோளில் இறங்கியது. சரி, அது வேகம், ஓங்கியது ஓங்கியதுதான், யாரைக் கேட்டாலும் வேகம் என்றுதான் சொல்வார்கள். மூன்றாவது? மூன்றாவதற்கு அவன் தண்ணீரோரம் சேற்றில் மல்லாந்து கிடந்தான், கம்பி அவனுக்கு எட்டாத தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது, நான் மணையை விட்டு இறங்கியிருந்தேன், அரிசி குத்துவதுபோல் இரண்டு கையாலும் பிடித்து நேராக இறக்கினேன். என் வாயிலிருந்து ஏதோ வார்த்தை வந்தது. என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியவில்லை, அம்மாவுக்குத் தெரியும், அம்மா என் காலைக் கட்டிக்கொண்டு, "போதும்டி, வுட்டுட்டான்டி, போதும்டி எம்மா" என்று அழுதாள்.

அப்புறம் எபினேசர் அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள், வீட்டிலிருந்து எடுத்துவந்த காய்ந்த கழியால் கொக்கியைத் தட்டிவிட்டார்கள், பல்பு செத்தது, அரிக்கேன் விளக்கு வந்தது. அண்ணனுக்கு மூச்சில்லை என்று ஒருவர் சொன்னார். எனக்குள் அப்போது ஒன்றுமே இல்லை, பயம்கூட இல்லை, மழை மட்டும் கேட்டது... பிறகு அவன் இருமினான், சேற்றுத் தண்ணீரைக் கக்கினான், அம்மா அவன் நெஞ்சில் விழுந்து முத்தமாகக் கொடுத்தாள், நான் நடுங்க ஆரம்பித்தேன், பல் அடித்துக்கொண்டது. செத்துப்போகவில்லை. அவன் செத்துப்போகவில்லை என்று சந்தோஷத்தில்தானே நடுங்கினேன்? "கெட்டிக்காரிமா நீ, மரகதம் அக்கா, உன் பொண்ணு இல்லன்னா உன் புள்ள இன்னிக்கி போட்டாவுல கீறான்" என்று எனக்கும் அம்மாவுக்குமாக மாறி மாறிச் சொன்னார் எபினேசர் அண்ணன். அரிக்கேனை என் அண்ணன் மார்புக்குக் கிட்டே கொண்டுபோனார். வலது மார்புக்கு மேலே வளையல் வைத்து அழுத்தினமாதிரி ஒரு வட்டம், சிவந்து, நடுவில் வெளுப்பாக. "இன்னாது இது? நெஞ்சுல குத்தினியா? நல்லதுதான், அதுலதான் உசுரு திரும்பிச்சி போல." பூண். பூண் முனை. நான் உலக்கையை எப்போது திருப்பினேன்? கனமான உலக்கை, திருப்ப வேண்டுமென்றால் கீழே ஊன்றித்தான் திருப்ப முடியும், அதற்கு நேரம் வேண்டும், நினைக்க வேண்டும். அம்மா முந்தானையை இழுத்து அந்த வட்டத்தை மூடினாள். "ஆமா எபி, எம்பொண்ணுதான் காப்பாத்துச்சு" என்றாள், அவரிடம் சொன்னாள், என்னைப் பார்க்கவில்லை.

வழியெல்லாம் மரம் விழுந்திருக்கிறது, வல்லம் பக்கமும் வண்டி போகாது, விடிந்தால்தான் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். கையில் தென்னை மட்டை வைத்துக் கட்டியிருக்கிறது. கூரையில் பாதி இல்லை, மீதிப் பாதியின் கீழே அவனைக் கிடத்தியிருக்கிறோம், அம்மா அடுப்பை மூட்டப் பார்த்துப் புகையில் இருமிக்கொண்டிருக்கிறாள். காற்று அடங்கியிருக்கிறது, புயலில் காற்று திடீரென்று அடங்கினால் மறுபக்கமிருந்து திரும்பி அடிக்கும் என்பார்கள். அவனுக்குச் சுடுதண்ணீர் கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண் திறந்திருந்தது, என்னைத்தான் பார்த்தான், திட்டப்போகிறான் என்று நினைத்தேன், உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சின்ன வயதில் ஏரிக்கரையில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பானே, அந்த முகம் எங்காவது இதற்குள் இருக்கிறதா என்று தேடினேன், இருந்தது, இல்லாமல் போகவில்லை, அதுதான் கஷ்டம். நெற்றியில் ஓலைத்துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்துவிடலாமென்று கையைத் தூக்கினேன்.

அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினான், முறிந்த கையோடு தோளைத் தூக்கி முகத்தை மறைக்கப் பார்த்தான், வலியில் முனகினான், ஆனாலும் தோளை இறக்கவில்லை. ஓலைத்துண்டு அண்ணா, வேறொன்றுமில்லை, ஒரு வார்த்தை சொன்னால் போதும், இல்லாவிட்டால் கையையாவது கீழே இறக்கினால் போதும். அடுப்பிலிருந்து அம்மா, "இன்னாடி, தண்ணி குடிச்சானா?" என்று கேட்கிறாள். கை இன்னும் மேலேயே இருக்கிறது, வலிக்கக்கூட ஆரம்பித்துவிட்டது, அவன் மூச்சு விடாமல் காத்துக்கொண்டிருக்கிறான், நான் ஏன் இறக்காமல் இருக்கிறேன்...