மாடு வீடு திரும்பும் வரை

கிர்கிஸ் மலைக்கிராமமான கோக்-தாலாவின் ஆற்றுக்குப் பாலம் வரப்போகிறது என்ற சேதி வந்த அன்றே மேல்தெருவும் கீழ்தெருவும் பகையாகிவிட்டன. வருவது ஒரே ஒரு பாலம். மசூதிப் பக்கம் போடு என்றது மேல்தெரு. பழைய மாவுமில் பக்கம் போடு என்றது கீழ்தெரு. இடத்தைப் பார்த்து முடிவு சொல்ல, பாலத்துக்குக் காசு கொடுக்கும் நிறுவனம் ஹேட்லி என்ற இங்கிலாந்துப் பொறியாளரை அனுப்பியது. நெட்டை மனிதர், வெயிலில் சிவந்த மூக்கு, எதற்கும் நன்றி சொல்லும் வாய்.

அவர் பேச்சைக் கிர்கிஸில் சொல்ல பெர்மெத்தைக் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். பிறந்தது மேல்தெரு, வாழ்க்கைப்பட்டது கீழ்தெரு. அதனால் இரண்டு தெருவும் அவளைச் சமமாகச் சந்தேகப்பட்டன. இங்கிலீஷ்காரர் ஒருவரை அவள் நேரில் பார்ப்பது அதுதான் முதல்முறை. அவளுக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் பார்க்காமலே செத்துப்போனார்.

வாதுமை மரத்தடியில் விரிப்பு போட்டு, ரொட்டியும் ஜாமும் தேநீருமாகக் கூட்டம் நடந்தது. ஹேட்லி வரைபடத்தை விரித்து, மேல்தெருவில்தான் பாறை கெட்டியாக இருக்கிறது, பாலம் அங்கேதான் என்றார். உடனே கீழ்தெருப் பெரியவர் ஒமுர்ஜாக் எழுந்து கத்த, மேல்தெருப் பெரியவர் சாத்திபால்தி பதிலுக்குக் கத்த, ரொட்டித் தட்டு கவிழ்ந்தது. ஹேட்லி பொறுத்துப் பார்த்தார். பிறகு வரைபடத்தை மடித்துக்கொண்டே ஒரு வாக்கியம் சொன்னார்.

பெர்மெத் அதை ஒரு வார்த்தை சிந்தாமல் மொழிபெயர்த்தாள்: "மாடுங்க வீடு திரும்புற வரைக்கும் நீங்க வாதாடலாம்ங்கிறாரு."

கூட்டம் அடங்கியது. ஒமுர்ஜாக் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். "நியாயஸ்தன்யா! கெடு குடுத்திருக்காரு பாரு. அதுவும் நம்ம ஊர்க் கணக்குல குடுத்திருக்காரு."

சாத்திபால்திக்கு முகம் சுருங்கியது. முடிவு அவர் பக்கம். மாடு வந்துவிட்டால் பேச்சு முடிந்தது. அவர் தன் தம்பியின் காதில் ஏதோ ஓத, தம்பி குதிரை ஏறி மேட்டுப்புல்வெளியைப் பார்த்துப் பறந்தான். அதைக் கண்ட ஒமுர்ஜாக் தன் மருமகளுக்குக் கண்ணைக் காட்ட, அவளும் இன்னொரு குதிரையில் பறந்தாள்.

அன்றைக்கு ஊர் மாடுகளை மேய்க்கும் முறை பெர்மெத்தின் புருஷன் ஜாபாருடையது. வீட்டில் உப்பு போதுமா என்றுகூட யாரும் அவனைக் கேட்டதில்லை. இப்போது ஒரு பக்கம் சாத்திபால்தியின் தம்பி, "அண்ணே, இப்பவே ஓட்டிட்டு வாங்க" என்று காலைப் பிடிக்கிறான். மறுபக்கம் ஒமுர்ஜாக்கின் மருமகள், "அண்ணே, நீங்க கீழ்தெருவுல பொறந்தவருதானே? அசையாதீங்க" என்கிறாள். ஜாபாருக்கு இருவரையும் ஏமாற்ற மனமில்லை. இந்தச் சுகம் சீக்கிரம் முடியவும் ஆசையில்லை.

மரத்தடியிலிருந்து பார்த்தால் மலைச்சரிவு தெரியும். மாடுகள் கொஞ்சம் இறங்கின. நின்றன. திரும்பி ஏறின. மறுபடி இறங்கின.

"அந்த மாடுகளை என்ன செய்கிறார்கள்?" என்று ஹேட்லி கேட்டார்.

"மேய்க்கிறார்கள்," என்றாள்.

கீழே ஒமுர்ஜாக் பேச்சை நிறுத்தவில்லை. மில்லைப் பற்றிச் சொன்னார். மில்லைக் கட்டிய தாத்தாவைப் பற்றிச் சொன்னார். தாத்தாவின் கழுதைக்கு வந்த தும்மல் நோயைச் சொன்னார். சொல்ல ஒன்றும் இல்லாமல் போனதும் தன் முழங்காலைத் திறந்து காட்டினார். ஹேட்லி அதையும் குனிந்து பார்த்து நன்றி சொன்னார். அவர் கிண்ணத்தில் தேநீர் ஊறிக்கொண்டே இருந்தது. எழுந்திருக்கப் பார்க்கும்போதெல்லாம் யாராவது தோளை அமுக்கினார்கள்.

வெயில் சாய்ந்தது. தொழுவத்தில் கன்றுகள் கதறின, மலையில் மாடுகள் பதில் கதறின. சாத்திபால்தியின் மனைவிதான் முதலில் எழுந்தாள். "உங்க பாலத்தை ஆத்துல தூக்கிப் போடுங்க! பால் கட்டிப்போய் என் மாட்டு மடி வெடிக்கப் போவுது!" கீழ்தெருப் பெண்களும் எழுந்தார்கள். இரண்டு தெருவும் ஒன்றாக மேடேறிப் போனது. ஜாபாரை அவர்கள் என்ன சொன்னார்களோ தெரியாது. மாடுகளுக்கு முன்னால் அவன்தான் ஓடி வந்தான்.

"மாடு வந்தாச்சு!" என்று துள்ளினார் சாத்திபால்தி. "பேச்சு முடிஞ்சுது!"

"எங்கய்யா வந்துச்சு? டீச்சரோட செவலைப்பசு இன்னும் ஆத்துல தண்ணி குடிக்குது!" என்று ஒமுர்ஜாக் வழிமறித்தார். "எல்லா மாடும் வரணும். அவரு ஒத்தை மாடுன்னா சொன்னாரு?"

என்ன நடக்கிறது என்று ஹேட்லி பொறுமை இழந்து பெர்மெத்திடம் கேட்டார், அவள் சொன்னாள். அவர் கண்ணை மூடித் திறந்தார். "அது எங்கள் ஊர் வழக்குப் பேச்சு, அம்மா. மாடு வரும்வரை என்றால் காலமெல்லாம் என்று அர்த்தம். எவ்வளவு பேசினாலும் பயனில்லை என்பதற்காகச் சொல்வது."

பெர்மெத்துக்குக் காது சிவந்தது. தரையைப் பார்த்தபடி ஊருக்குச் சொன்னாள்.

"அப்போ அவங்க ஊர்ல மாடு வீட்டுக்கு வரவே வராதா?" என்றார் ஒமுர்ஜாக் மெல்ல.

"பாவம்," என்றார் சாத்திபால்தி. அன்றைக்கு இருவரும் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான். யாரோ ஓடிப்போய், கறந்த சூட்டோடு ஒரு கிண்ணம் பால் கொண்டுவந்து ஹேட்லியின் கையில் திணித்தார்கள். குடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்கள்.

ஒமுர்ஜாக் தளர்ந்து உட்கார்ந்தார். "சரி, மேலேயே கட்டட்டும். அடுத்த வருஷமாவது எங்களுக்கு ஒண்ணு உண்டா? அதைக் கேட்டுச் சொல்லும்மா."

ஹேட்லி பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னார்: "அந்தப் பாலத்துக்கு வந்து சேரும்போது அதைக் கடப்போம்."

பெர்மெத் வாயைத் திறந்தாள், மூடினாள். இந்த மனிதர் மாடு என்றால் அது மாடு இல்லை. அப்படியானால் பாலம் என்றாலும் பாலம் இல்லை. அப்புறம் பார்க்கலாம் என்று தட்டிக்கழிக்கிறாராக்கும். அவருடைய முகமே காட்டிக்கொடுத்தது. அவள் வசந்தகாலத்து ஆற்றை நினைத்தாள். உருகிய பனித்தண்ணீரில் பாவாடையைத் தூக்கிச் செருகி, பாடப்புத்தகங்களைத் தலையில் வைத்து, வழுக்குக் கல்லில் கால் வைக்கும் தன்னை நினைத்தாள்.

"அந்தப் பாலத்துக்கு வந்து சேரும்போது அதைக் கடப்போம்ங்கிறாரு," என்றாள், ஒரு வார்த்தை சிந்தாமல்.

"'அந்தப் பாலம்'னா சொன்னாரு?" என்றார் ஒமுர்ஜாக்.

"'அந்தப் பாலம்'னுதான் சொன்னாரு, பெரியவரே."

கீழ்தெரு ஆர்ப்பரித்தது. ஹேட்லிக்கு எதற்கென்று புரியவில்லை. எல்லோரும் கையைப் பிடித்துக் குலுக்கியதால் அவரும் சிரித்துக் குலுக்கினார்.

அந்த இலையுதிர்காலத்திலேயே கீழ்தெருக்காரர்கள் பாறை சுமந்து, இரண்டு கரையிலும் தூண் எழுப்பி, போட்டோ எடுத்து நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். வாக்குக் கொடுத்த பாலத்தின் மீதிப்பகுதி எப்போது வரும் என்று பணிவாகக் கேட்டிருந்தார்கள். அங்கே யார் யாருடன் சண்டை போட்டார்களோ, அடுத்த கோடையில் இரும்பும் பலகையும் லாரியில் வந்து இறங்கின.

திறப்பு நாளில் ஹேட்லி வந்தார். இரண்டு கரைக்கும் நடுவே நின்று பெர்மெத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"அன்றைக்கு நான் கடைசியாகச் சொன்னது உங்களுக்குப் புரிந்ததா?"

"ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது," என்றாள் பெர்மெத்.