சிறுத்த முகம்

கீழ்வானம் வெளுத்து, மணிமுத்தாற்றின் மணற்பரப்பில் ஒற்றை இழையாய் ஓடும் நீர் செம்பொன் பூசிக்கொள்ளும் வேளையில், திருமுதுகுன்றம் என்று முன்னோர் வழங்கிய விருத்தாசலத்தின் புறத்தே, வெண்களிமண் கலங்கள் வார்க்கும் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள் இரவெல்லாம் கனன்ற களைப்பை மெல்ல மூச்சாய் விட்டு நின்றன. கூரைமேலும் வேப்பிலைமேலும் வேலைக்கு வருவோர் புருவத்தின்மேலும் ஒரே வெண்டூள் வேற்றுமையின்றிப் படியும் அவ்விடத்தில், இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டின் ஐப்பசித் திங்களில், கம்பளியில் பொதிந்த சுமையொன்றைக் கைக்குழந்தைபோல் மார்போடணைத்தபடி பேருந்தினின்று இறங்கினான் தங்கதுரை.

கற்றறிந்தீர், அவன் வரலாறு கேளுங்கள். படைக்குப் போகுமுன் அப்பேட்டையில் அச்சு எடுத்தவன் அவன். வரப்புச் சண்டையில் பங்காளியை வெட்டிய தந்தை சிறையிலேயே மாண்ட நாளில், உயிர் பறிக்கும் எதனையும் தொடுவதில்லை என உறுதி பூண்டவன். புண்ணுக்குக் கட்டிடும் பணிதானே என்று நம்பியே படையின் மருத்துவப் பிரிவில் சேர்ந்தவன். எல்லையில் இருநாட்டுப் படைகளும் எதிரெதிர் நின்ற அவ்வாண்டில், மருத்துவ ஏவலரும் சுடுகலன் ஏந்துக என்று ஆணை வந்தபோது, கைகளைப் பின்னே கட்டிக்கொண்டு மறுத்தான். இருபத்தெட்டு நாள் அடைத்து வைத்தார்கள். வளையல் வாங்கித் தரட்டுமா என்று உடனிருந்தோர் எள்ளினார்கள். சலித்துப்போன தலைவர், காயம்பட்டோரைத் தூக்கிவரும் வேலைக்கு வெறுங்கையனாகவே அவனை விட்டார். ஆயின், கலன் ஏந்திய ஒருவன் துணைக்குப் போகவேண்டும் என்று விதித்தார். எல்லாரும் தரையைப் பார்த்து நிற்க, முன்வந்தவன் பாரி, அதே ஊரினன், பேட்டையில் ஈரப்பொம்மைகளைப் பஞ்சால் துடைத்து வழவழப்பாக்கும் பூவாயியின் ஒரே மகன்.

“கைய வீசிக்கிட்டு நட மாப்ள. ஒம் பங்கையும் சேத்து நானே சொமக்குறேன்” என்று சிரித்தான்.

நான்கு திங்கள் அவ்வாறே சுமந்தான். ஆடித் திங்களின் ஒரு பிற்பகலில், குருதி வடியும் ஒருவனைத் தோளிலிட்டுத் தங்கதுரை பள்ளத்தில் இறங்குகையில் பகைவர் சூடு அவர்கள்மேல் திரும்ப, பாரி ஒருவனாய் நின்று எதிர் சுட்டான். தோளிலிருந்தவன் பிழைத்தான், பாரி பிழைக்கவில்லை. உடலைக் கழுவிய தங்கதுரையின் கண்ணில், எலும்பு முறிந்தார்க்குக் கட்டும் வெண்சாந்து பட்டது. ஊரில் அச்செடுக்கும் அதே சாந்து. மருத்துவரின் இசைவோடு அம்முகத்தின்மேல் அதனை இட்டு அச்செடுத்தான். அடைத்து வந்த பெட்டியைத் திறக்க விடவில்லை, மகன் முகத்தைப் பார்க்காமலே பூவாயி மண் தள்ளினாள் என்று ஊரிலிருந்து மடல் வந்ததுமுதல், அவ்வச்சை அவளிடம் சேர்ப்பதொன்றே அவனுக்கு வாழ்வாயிற்று.

ஊருக்கு வந்திறங்கிய அன்றே, பேட்டையின் கொட்டகையில் பூவாயியின் எதிரே அமர்ந்து, ஒன்றும் மறையாமல் சொன்னான். அவள் கையிலிருந்த பஞ்சைப் பிழிந்து வைத்தாள்.

“நீயும் ஒரு துப்பாக்கிய எடுத்திருந்தா எம்புள்ள இருந்திருப்பானா, தொர?”

இல்லை என்று சொல்லிவிட அவன் நா துடித்தது. சொல்லியிருந்தால் இருவருக்குமே ஆறுதலாயிருக்கும்.

“தெரியல அத்த. ஒருத்தனா நின்னான். ரெண்டு பேரா நின்னிருக்கலாம்.”

அவள் கம்பளியைப் பிரிக்கச் சொன்னாள். உள்ளிருந்த அச்சில் களிக்குழம்பை அவன் வார்த்தான். இறுகிய முகத்தை வெளியில் எடுத்தபோது, வேறெவரையும் அண்டவிடாமல், பிள்ளைக்குத் தலைமுழுக்காட்டித் துடைப்பாள்போல் நெற்றியும் கன்னமும் காதோரமும் தானே பஞ்சால் துடைத்தாள்.

சில நாள் உலர்த்திச் சூளையிலிட்டு, அது ஆறியபின் திறந்தார்கள். வெண்களி உலர்கையிலும் வேகையிலும் எட்டில் ஒரு பங்கு சுருங்கும். ஆதலின் மூல உருவை அவ்வளவு பெரிதாய்ச் செய்துகொண்ட பின்னரே அச்செடுப்பது அத்தொழிலின் முதற்பாடம். இறந்தவன் முகத்தைப் பெரிதாக்க யாரால் ஆகும்? துயரத்தில் தங்கதுரை அப்பாடத்தையே மறந்திருந்தான். மீசையின் கருமையும் வெயிலின் தழும்பும் இன்றி, கண்மூடி உறங்கும் சிறுவன் முகமொன்று வெளுத்துச் சிறுத்துக் கிடந்தது.

“தப்புப் பண்ணிட்டேன் அத்த. சுருங்கிப்போச்சு.”

பூவாயி இரு கையாலும் அதனை ஏந்தி நெடுநேரம் பார்த்தாள்.

“ஏழாவது படிக்கிறப்ப இப்படித்தான்டா இருந்தான். வளந்தவனா அனுப்பிவச்சேன். நீ சின்னப் புள்ளையா கொண்ணாந்திருக்க.”

முந்தானையில் பொதிந்துகொண்டு, திரும்பிப் பாராமல் நடந்தாள். மன்னித்தாளா என்று அவன் கேட்கவில்லை. அன்று மட்டுமன்று, பின்னர் படையை விட்டு வந்து பேட்டையில் அவளருகிலேயே வேலை செய்த ஆண்டுகளிலும் கேட்கவில்லை.

கொல்லேன் என்று ஒருவன் உறுதி பூண்பது அரிது. அவ்வுறுதிக்குக் காவலாய்ப் பிறிதொருவன் சுடவும் சாகவும் நேர்ந்ததை மறவாமல், பின்னும் அவ்வுறுதியைக் கைவிடாமல், நாள்தோறும் எழுந்து வேலைக்குப் போவது அதனினும் அரிது.