எத்தனையில வச்சிருக்கீங்க, மச்சான்?

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை நானே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் என் தங்கச்சி சொல்லிவிடுவாள். கார் ரிப்பேருக்கு வருகிறவர்கள்கூட வாசலில் நின்று, "சிடுமூஞ்சி உள்ள இருக்காரா?" என்று கேட்டுவிட்டுத்தான் பட்டறைக்குள் காலை வைப்பார்கள். திட்டு வாங்கினாலும் திரும்பி வருவார்கள். வேலை சுத்தமாக இருக்கும்.

பட்டறையில் நாங்கள் மூன்றே பேர். நான், தங்கச்சி, அவள் புருஷன். வாரம் முழுக்க ஊரார் காரைப் பார்ப்போம். சாயங்காலங்களில் எங்கள் பந்தயக் கார். ஓட்டுகிறவள் தங்கச்சி. கழற்றி மாட்டுகிறவர்கள் நானும் மாப்பிள்ளையும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வருஷத்தின் கடைசிப் பந்தயம். புள்ளிக் கணக்கில் முதலில் இருந்த சிவப்புக் காருக்கும் எங்களுக்கும் இரண்டே புள்ளி வித்தியாசம். இந்தப் பந்தயத்தில் சிவப்புக் காருக்கு முன்னால் வந்தால் போதும், வருஷக் கோப்பை அவளுடையது.

அந்தக் கோப்பை அவளுக்கு ஏன் வேண்டும் என்று சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வளைவில் இடது பின்சக்கரம் கழன்று ஓடிவிட்டது. கார் சுவரில் மோதி, அவள் காறையெலும்பு இரண்டாக முறிந்தது. உள்ளே தகடு வைத்துப் பொருத்தினார்கள். இன்றைக்கும் இடது கை தோளுக்கு மேல் எழும்பாது. "போதும்மா, இனி வீட்டுல இரு" என்று நலம் விசாரிக்க வந்தவர்களெல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் ஒவ்வொருவர் பெயரையும் அவள் நினைவு வைத்திருந்தாள்.

அன்று அந்தச் சக்கரத்தைக் கடைசியாகச் சோதித்தவன் மாப்பிள்ளை. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். "ஒரு நட்டு இறுகியிருக்கா இல்லையான்னு பார்க்கத் தெரியாதவனுக்கா என் தங்கச்சியைக் கொடுத்தேன்" என்று கத்தினேன். நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னாள். அவன் சுவரில் சாய்ந்தபடி நின்றான், வாயே திறக்கவில்லை.

தங்கச்சி அவனை மன்னித்துவிட்டாள். ஆனாலும் பந்தய நாளில் மட்டும் அவன் அவளுடைய பெல்ட்டைத் தொடக்கூடாது, உடுப்பைத் தொடக்கூடாது. "உன் கை ராசியில்லாத கை சாமி, தள்ளி நில்லு" என்பாள் சிரித்துக்கொண்டே. அவனும் சிரித்துக்கொண்டே தள்ளி நிற்பான். பந்தயம் முடிந்ததும் இடது கையை நீட்டி, "அண்ணா, இழு" என்பாள். அந்தக் கையிலிருந்து உடுப்பை வலிக்காமல் உருவிவிடுவது என் வேலை. எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த விபத்துக்குப் பிறகு பட்டறையில் ஒரு சட்டம் போட்டேன். ஒவ்வொரு சக்கர நட்டையும் நான் இறுக்கி, மஞ்சள் பேனாவால் ஒரு கோடு போடுவேன். பிறகு அதே சாவியால் மாப்பிள்ளை ஒருமுறை இறுக்கிப் பார்த்து, வெள்ளைக் கோடு போடுவான். இரண்டு கோடும் இல்லாமல் கார் வாசலைத் தாண்டாது.

அந்தச் சாவிக்கு டார்க் ரெஞ்ச் என்று பெயர். முழங்கை நீளம் இருக்கும். பிடியைத் திருகி ஓர் எண்ணில் வைத்தால், அந்த அளவுக்கு நட்டு இறுகியதும் 'டக்' என்று தட்டும். அதற்கு மேல் இறுக்கக் கூடாது. சக்கர நட்டுக்கு நூற்றுப்பத்து. எண்ணை வைப்பது நான் மட்டும்தான். மாப்பிள்ளை பிடியைத் தொடக்கூடாது. அதுவும் சட்டம்.

அவன் தொட மாட்டான். ஆனால் ஒவ்வொரு தடவையும் கேட்பான்: "எத்தனையில வச்சிருக்கீங்க, மச்சான்?"

இரண்டு வருஷமாக இந்த ஒரே கேள்வி. எனக்கு எரிச்சலாக வரும். இருபத்திரண்டு வருஷமாகச் சாவி பிடிக்கிறேன், என்னிடம் வந்து எண் கேட்கிறானே என்று பல்லைக் கடித்துக்கொள்வேன்.

சனிக்கிழமை ஒத்திகை ஓட்டத்தில் பின் பிரேக்குகளில் எண்ணெய் ஒழுகியது. பட்டறை இருபது நிமிஷத் தொலைவு என்பதால் காரை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வருகிறேன் என்ற உதிரிபாகக் கடைக்காரர் ஒன்பதரைக்கு, சாவகாசமாக, பல்லைக் குத்திக்கொண்டு வந்தார். பன்னிரண்டு மணிக்குப் பந்தயத் திடலில் கார் பரிசோதனையை முடித்துவிடுவார்கள். இரண்டரை மணி நேரத்தில் இரண்டு பிரேக்கையும் மாற்றி, எண்ணெய் ஊற்றி, பிரேக்கை மிதித்து மிதித்துக் குழாயிலுள்ள காற்றை எடுத்து, சக்கரங்களை மாட்டி, போய்ச் சேர வேண்டும்.

"மிதி!" என்று காருக்கடியிலிருந்து கத்தினேன்.

"மிதிச்சிட்டேன்" என்றாள் தங்கச்சி மேலேயிருந்து.

"விடாதே. விடாதேன்னு சொல்றேன்ல!"

"நான் விடவே இல்லண்ணா. நீதான் கத்தறதை விடணும்."

மாப்பிள்ளை சிரித்தான். நான் முறைத்ததும் சிரிப்பை விழுங்கினான். பிரேக் போல்ட்டுகளை நான் இறுக்கினேன். அதற்குள் அவன் நாலு சக்கரங்களையும் மாட்டி, ஜாக்கியை இறக்கிவிட்டான். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று இருபது. சக்கரத்துக்குச் சக்கரம் ஓடினேன். டக், டக், டக். மஞ்சள் கோடு, மஞ்சள் கோடு. இருபது நட்டும் முடித்துச் சாவியை நீட்டினேன்.

"எத்தனையில வச்சிருக்கீங்க, மச்சான்?"

பொறுமை போய்விட்டது. "ஏன்டா, நான் என்ன நேத்து வேலைக்கு வந்தவனா? சக்கரத்தைக் கழண்டு ஓடவிட்டவன் நீ. கேள்வி கேக்கறது என்னையா? கொடுத்த வேலையைப் பாரு!"

வேன் கதவைத் திறந்துகொண்டிருந்த தங்கச்சி திரும்பிப் பார்த்தாள். மாப்பிள்ளையின் முகம் சிவந்துவிட்டது. சாவியை வாங்கினான். இருபது முறை டக் என்றது. இருபது வெள்ளைக் கோடு போட்டான். சாவியைப் பெட்டிக்குள் ஒரு போடு போட்டுவிட்டுப் போய் வேனில் உட்கார்ந்தான். போகிற வழி முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டுக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது பரிசோதனை இடத்துக்குள் நுழைந்தோம். அதிகாரி குனிந்து சக்கரங்களைப் பார்த்தார். "ரெண்டு கோடு. உங்க காரைப் பார்த்தாலே எனக்கு நிம்மதி. போங்க" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. தங்கச்சியின் பெல்ட்டை நான்தான் இறுக்கினேன். இருபத்திரண்டு கார்களில் அவளுக்கு இரண்டாவது இடம், சிவப்புக் காருக்குப் பக்கத்திலேயே. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கண்ணடித்தாள். மாப்பிள்ளை பத்தடி தள்ளி நின்று கையசைத்தான். பந்தயத்துக்கு முன்னால் டயர் சூடேற ஒரு சுற்று மெதுவாகப் போவார்கள். கார்கள் கிளம்பின. அந்தச் சுற்று முடிந்து திரும்பி வரும்போது கொடி இறங்கும். அதற்கு மூன்று நிமிஷம் ஆகும்.

காற்றழுத்தம் பார்க்கும் மீட்டரை வைக்கப் பெட்டியைத் திறந்தேன். மேலேயே டார்க் ரெஞ்ச் கிடந்தது. எண் என் பக்கம் பார்த்திருந்தது.

அறுபத்தைந்து.

பிரேக் போல்ட்டுக்கு வைத்த எண். நூற்றுப்பத்துக்கு நான் மாற்றவே இல்லை. அறுபத்தைந்தானாலும் நூற்றுப்பத்தானாலும் சாவி டக் என்றுதான் தட்டும். நான் இறுக்கியதும் அறுபத்தைந்து, மாப்பிள்ளை அதே சாவியால் சோதித்ததும் அறுபத்தைந்து. இருபது நட்டும் பாதி இறுக்கத்தில், மேலே நாற்பது கோடுகளோடு போய்க்கொண்டிருந்தன.

அவளோடு பேசுகிற ரேடியோவைக் கையில் எடுத்துவிட்டேன், பொத்தானை அழுத்தவில்லை. இதை மறைக்காமல் சொல்கிறேன். தாங்கிவிடும் என்று ஒரு மனசு சொன்னது. இருபத்துநாலு சுற்றுதானே, தாங்கினாலும் தாங்கும். ஓடுதளத்தை விட்டு உள்ளே கூப்பிட்டால் எல்லோருக்கும் பின்னால் கடைசியாகத்தான் கிளம்ப வேண்டும். கோப்பை போய்விடும். ஏன் கூப்பிட்டாய் என்று கேட்பாள், நான்தான் என்று சொல்ல வேண்டும். அதுவும் அவன் முன்னால். தூரத்து வளைவில் கார்கள் வரிசையாகத் திரும்பின. ஆஸ்பத்திரியில் கழுத்துப் பட்டையோடு அவள் படுத்திருந்தது கண்முன் வந்தது. பொத்தானை அழுத்தினேன்.

"உள்ள வா."

"என்னது?"

"உள்ள வா. சக்கரம். உள்ள வாடி!"

"அண்ணா, ரெண்டாவது இடத்துல நிக்கறேன், விளையாடறியா?"

"உன் கால்ல விழறேன், உள்ள வா."

வரிசையிலிருந்து எங்கள் நீலக் கார் மட்டும் விலகி வந்தது. அந்தப் பக்கம் கொடி இறங்கி, இருபத்தொரு கார்களும் உறுமிக்கொண்டு பாய்ந்தன. சாவியை நூற்றுப்பத்துக்குத் திருகினேன். அவசரத்தில் இரண்டு முறை எண்ணைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன். மாப்பிள்ளை பக்கத்தில் வந்து எண்ணைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் சாவியைப் பிடுங்கிக்கொண்டு மண்டியிட்டான்.

முன்சக்கரங்களில் ஒவ்வொரு நட்டும் கால் சுற்று சுற்றியபிறகுதான் தட்டியது. இடது பின்சக்கரத்தில் ஒரு நட்டு, சாவியை வைத்ததுமே கையோடு சுழன்றது. அதற்குள் அது தளர்ந்திருந்தது.

தங்கச்சி ஜன்னல் வலை வழியாக அவனைத்தான் பார்த்தாள். "மறுபடியும் நீயா? என்னடா பண்ணித் தொலைச்சே?" என்று அலறினாள்.

அவன் தலையை நிமிர்த்தாமல் அடுத்த நட்டுக்கு நகர்ந்தான். நான் பக்கத்திலேயே நின்றேன். நான்தான் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும், நாக்கு எழவில்லை. கடைசி நட்டு தட்டியது. கார் சீறிக்கொண்டு வெளியேறியது.

ஓடுதளத்தின் ஓரச் சுவரில் சாய்ந்து நின்றோம். அவன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "என் மேலயும் தப்பு இருக்கு, மச்சான். நீங்க பார்க்காதப்ப எண்ணைத் திருட்டுத்தனமா ஒரு பார்வை பார்த்துடுவேன். ரெண்டு வருஷமா விட்டதே இல்ல. இன்னிக்கு நீங்க அப்படிப் பேசினதும் ரோஷம் வந்துடுச்சு. எப்படியோ போகட்டும்னு பார்க்காம விட்டுட்டேன்."

"ரெண்டு வருஷமா எதுக்குடா பார்த்தே?"

கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னாலும் பந்தயத்தன்று காலையில் பிரேக் வேலைதான் செய்தோம். அன்றும் சாவியில் எண் வைத்துச் சக்கரங்களை இறுக்கியவன் நான்.

"அன்னிக்கும்..." என்றேன்.

"அறுபத்தஞ்சுதான் இருந்துச்சு. அவளை ஆம்புலன்ஸ்ல ஏத்தினதுக்கப்புறம் சாமான்களை எடுத்து வைக்கும்போது பார்த்தேன்."

"ஏன் சொல்லல?"

"உங்க முகத்தைப் பார்த்தேன். அன்னிக்கு அதைச் சொல்லியிருந்தா நீங்க அப்புறம் சாவியைத் தொட்டிருக்க மாட்டீங்க. அவளும் இன்னொருத்தர் கட்டின கார்ல ஏற மாட்டா. மறுநாள் சொல்லலாம்னு பார்த்தேன். நாள் தள்ளித் தள்ளிப் போயிடுச்சு."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவு வெட்கம் நான் என் வாழ்நாளில் பட்டதில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் கத்திய ஒவ்வொரு சொல்லும் அப்படியே காதில் கேட்டது.

தங்கச்சி ஓட்டியதைச் சொல்லியாக வேண்டும். கடைசியாகக் கிளம்பியவள் பத்தாவது சுற்றில் பதினொன்றாவது இடம். இருபதாவது சுற்றில் ஏழு. கடைசிச் சுற்றில் சிவப்புக் காரின் வாலைப் பிடித்துவிட்டாள். கோட்டைத் தாண்டும்போது சிவப்புக் கார் நாலாவது, அவள் ஐந்தாவது. நடுவில் ஒரு கார் நீளம்கூட இல்லை. இன்னும் ஒரு சுற்று இருந்திருந்தால் கோப்பை எங்களுடையது.

காரிலிருந்து இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகமெல்லாம் வியர்வை, கண் சிவந்திருந்தது. நேராகப் புருஷனிடம் போனாள். "சொல்லு. எந்த நட்டைப் பார்க்காம விட்டே?"

அவன் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். இந்தத் தடவையும் வாயைத் திறக்க மாட்டான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அவன் இல்ல" என்றேன். "நான். சாவியில எண்ணை மாத்தாம இறுக்கினேன். இன்னிக்கும் நான்தான். அன்னிக்கும் நான்தான்."

என்னைப் பார்த்தாள், தன் தோளைத் தொட்டுக்கொண்டாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமா?"

"ம்."

"ரெண்டு வருஷமா?"

"ம்."

கையுறையைக் கழற்றி அவன் நெஞ்சில் ஓங்கி அடித்தாள். "வாய் எதுக்குடா இருக்கு உனக்கு? ராசியில்லாதவன், ராசியில்லாதவன்னு நான் பாட்டுக்குச் சொல்லிட்டே இருந்தேனே! சிரிச்சுக்கிட்டே நின்னியே!" சொல்லிக்கொண்டே அழுதாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, உடுப்பின் ஜிப்பை இறக்கி இடது கையை நீட்டினாள். பழக்கத்தில் நான் ஓரடி முன்னால் வைத்துவிட்டேன். கை அவன் பக்கம் திரும்பியது.

"நீ இழு" என்றாள்.

அவன் தயங்கி என்னைப் பார்த்தான்.

"பார்த்து இழுடா" என்றேன். "முழங்கை கிட்ட வரும்போது தோளைப் பிடிச்சுக்கணும். இல்லன்னா அவளுக்கு வலிக்கும்."

"தெரியும் மச்சான்" என்றான் அவன், அவள் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டே. "வீட்டுல தினமும் நான்தானே இழுக்கறேன்."