ஒஸ்வால்தோவின் அடக்கச் சீட்டு

ஹோண்டுராஸ் வெயிலில் பிணம் மறுநாள்வரை தாங்காது. நகராட்சி வாசலில் வண்டிக்குள் ஒஸ்வால்தோ பெட்டியில் படுத்திருந்தார். அவருடைய அடக்கச் சீட்டோ உள்ளே கணினியைவிட்டு வெளியே வர மறுத்தது. கையால் எழுதிய சீட்டைக் கல்லறைக் காவலாளி தொடக்கூட மாட்டான்.

காலையில் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்ட பாதுகாப்பு மென்பொருள், பல வருடமாகப் பக்கத்திலேயே இருந்த பிரிண்டரை அந்நியன் என்று முடிவுகட்டித் தடுத்துவிட்டது. தடையை நீக்கப் பாஸ்வேர்டு வேண்டும். அது நகராட்சியின் ஒரே கணினிக்காரருக்கு மட்டும்தான் தெரியும். அவர்தான் வண்டிக்குள் படுத்திருந்தார்.

"அக்கா, அவரு என்ன பாஸ்வேர்டு வச்சிருப்பாரு?" என்று எழுத்தர் நெரெய்தா விதவையிடம் கேட்டாள்.

"எம் பேரைப் போடு," என்றாள் எர்மெலிந்தா.

திறக்கவில்லை. மகள் பெயருக்கும் திறக்கவில்லை.

"நாய் பேரைப் போடு. என்னைவிட அதுமேலதான் அவருக்குப் பாசம்."

அதற்கும் இல்லை. இன்னும் ஒரே முறைதான், தவறினால் நாளைவரை பூட்டு என்று திரை எச்சரித்தது. நெரெய்தாவின் விரல்கள் நின்றன. முதலிலிருந்தே அவளுக்கு ஒரு பெயர் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை.

"உன் பேரைப் போடு, தாயி," என்றாள் எர்மெலிந்தா. "வெயில் ஏறுது."

பிரிண்டர் முனகிக்கொண்டே சீட்டைத் தள்ளியது. நெரெய்தா முத்திரை குத்திக் கொடுத்தாள். எர்மெலிந்தா வாசலில் திரும்பினாள்.

"அடக்கத்துக்கு மட்டும் வந்துராத."

வண்டி கிளம்பியது. நெரெய்தா அன்று அடக்கத்துக்கென்றே கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.