கடிகாரக்காரர் மாட்டிய சங்கிலி

கடிகாரக்காரர் தம் வாழ்நாளில் தூக்கிய பொருள்களிலேயே கனமானது ஒரு சுவர்க்கடிகாரம்தான். அப்படிப்பட்டவரைக் கூப்பிட்டு மாமனார், "மாப்ளே, ரோட்டவேட்டர் சங்கிலி மாத்தணும், வாங்க" என்றார்.

"மாமா, நான் வாட்ச் ரிப்பேர் பண்றவன்."

"அதுலயும் பல்சக்கரம், இதுலயும் பல்சக்கரம். இது கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான்."

வழக்கமாக வரும் மெக்கானிக் காலை உடைத்துக்கொண்டு படுத்திருந்தார். நிலத்தில் ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டும். போதாக்குறைக்கு மாமியார், "பாவம், அவருக்கு இதெல்லாம் எங்க வரும், விடுங்க" என்று பரிதாபப்பட்டுத் தொலைத்தார். அதற்குமேல் எந்த மாப்பிள்ளைதான் பின்வாங்குவார்?

கொட்டகையில் நின்ற டிராக்டருக்கு மாமனாரைவிட இரண்டே வயதுதான் குறைவு. அதன் பின்னால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர். அதன் பக்கவாட்டு மூடியைக் கழற்றியதும் கறுப்பு எண்ணெய் கொடகொடவென்று கொட்டியது; பாதி வாளியில், மீதி மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையில். அவர் அசரவில்லை. தொழில் லென்ஸை ஒற்றைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு சங்கிலியைக் கண்ணி கண்ணியாகப் பார்த்தார்.

"என்ன மாப்ளே, வைரமா தேடுறீங்க?"

"தேஞ்சு நீண்டிருக்கு மாமா. பன்னெண்டு கண்ணிக்கு எட்டு மில்லிமீட்டர்! எட்டு மில்லிமீட்டர்ல எங்க கடையில ஒரு வாட்ச் மெஷினே அடங்கிடும்."

புதுச் சங்கிலியைப் பழையதன் நீளத்துக்கு வெட்டிவிடலாம் என்றார் மாமனார். கூடாது, பழையது நீண்டுபோனது, அதன் நீளத்தை நம்ப முடியாது, கண்ணியை எண்ணித்தான் வெட்ட வேண்டும் என்றார் மாப்பிள்ளை. எண்ணினார்.

"முப்பத்தஞ்சு, முப்பத்தாறு..."

"காபி மூணு பேருக்கா, நாலு பேருக்கா?" என்று உள்ளிருந்து மாமியார் குரல் கொடுத்தார்.

"நாலு. அஞ்சு, ஆறு..."

மூன்றாவது தடவைதான் கணக்கு ஒத்துவந்தது. அளவாக வெட்டி, பல்சக்கரங்களில் சுற்றி, இரண்டு முனைகளையும் பூட்டுக் கண்ணியால் இணைத்தார். அந்தக் கண்ணியைக் கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்ள விரல்நகம் அளவில் ஒரு கிளிப் உண்டு. சின்னஞ்சிறு பொருள், அவருடைய ராஜ்ஜியம். தைரியமாக நெம்பினார். 'டிங்' என்றது. கிளிப்பைக் காணோம்.

மாப்பிள்ளையும் மாமனாரும் முட்டிபோட்டுத் தரையைத் துழாவினார்கள். அப்போது அந்தப் பக்கமாக ஒரு கோழி எதையோ விழுங்கிவிட்டுப் போனது.

"பிடிங்க அதை!"

மாப்பிள்ளை கோழியைப் பிடித்தார். பழக்கதோஷத்தில் காதருகே வைத்து உற்றுக் கேட்டார்.

காபியோடு வந்த மாமியார் வாசலிலேயே நின்றுவிட்டார். "என்ன பண்றீங்க மாப்ள?"

"ஓடுதான்னு பாக்குறேன் அத்தை."

மாமியார் காபித் தட்டைக் கீழே வைத்தார். மூலையில் ஆணியில் தொங்கிய ரேடியோவைப் பார்த்துத் திரும்பினார். "இந்தப் பொண்ணு காலையில நல்லாத்தானே செய்தி வாசிச்சா? இப்ப ஏன் மூக்குல வண்டு பூந்த மாதிரி பேசுறா?"

மாப்பிள்ளை கோழியை அப்படியே மாமனார் கையில் திணித்துவிட்டு எழுந்து ஓடினார். ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கிறதே! அதன் முன்பக்க வலையில் ஒட்டிக்கொண்டு கிளிப் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது. கிள்ளி எடுத்தார். செய்தி வாசிப்பவருக்கு ஜலதோஷம் நீங்கியது.

இந்த முறை ஒரு கையால் மூடிக்கொண்டே, கிளிப்பின் மூடிய பக்கம் சங்கிலி ஓடும் திசையைப் பார்க்கும்படி மாட்டினார். புது எண்ணெய் ஊற்றி மூடியை முறுக்கினார். மாமனார் கோழியை இறக்கிவிட்டு டிராக்டரைக் கிளப்பினார். வயலில் ரோட்டவேட்டர் முதல் சாலிலேயே மண்ணைப் பஞ்சாகக் கிளறிக்கொண்டு போனது.

மாப்பிள்ளைக்குத்தான் வீட்டுக்குப் போக மனமில்லை. காதைச் சாய்த்தபடி டிராக்டருக்குப் பக்கத்திலேயே வரப்பில் நடந்தார்.

"சாப்பாடு ஆறுது, வாங்க!" என்று மாமியார் கூப்பிட்டார்.

"அத்தை, இங்க வந்து கேளுங்களேன். ஒரே சீரா ஓடுது!"

அப்படித் திரும்பிச் சொன்னபோது வரப்போரச் சேற்றில் ஒரு செருப்பு மாட்டிக்கொண்டது. அதை விட்டுவிட்டு மற்றதோடு நடந்தார்.