பஞ்சுக்கையின் கைராசி

தையல் கடைக்கு மேல்மாடியில், ஜன்னலோரம் ஒரு மெத்தைக் கட்டில் போட்டு, ஓயாமல் அழும் குழந்தைகளுக்குத் தொடு சிகிச்சை செய்துவந்தாள் அவள். மருந்து கிடையாது, எண்ணெய் கிடையாது. தலைக்கு அடியில் ஒரு கை, இடுப்புக்கு அடியில் ஒரு கை; அழுத்தக்கூட மாட்டாள். தெருவில் அவளுக்குப் பஞ்சுக்கை என்றே பெயர். பல வருஷம் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவளுக்கு இப்போது கூட்டம் படிவரை நிற்கிறதென்றால், அதற்குக் காரணம் சைரன் என்ற கைக்குழந்தை.

ஓயாமல் அலறும் பிள்ளைக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தவன் பெற்ற அப்பன்காரன்தான். மனைவி மதியம் வேலைக்குப் போனதும் தூக்கிக்கொண்டு வருவான். சிகிச்சை முடிந்தும் அழுகை ஓயாத ஒரு நாள், பையில் துணிகளுக்கு அடியிலிருந்து கமுக்கமாகப் பால் பாட்டிலை எடுத்தான்.

"கண்டுக்காதீங்கக்கா. தாய்ப்பால் பத்தலைன்னு சொன்னா அவ உடைஞ்சு போயிடுவா. மாவுப்பால்னாலே அவளுக்கு ஆகாது. உங்க கைராசின்னே இருந்துட்டுப் போகட்டும்."

சைரன் மடக்மடக்கென்று குடித்துவிட்டுத் தூங்கிப்போனான். பஞ்சுக்கை சிரித்தாள். சிரித்தாளே மகராசி, அன்றைக்கே வாயைத் திறந்திருக்கக் கூடாதா! தினமும் அதே நாடகம் நடந்தது. பிள்ளை கொழுகொழுவென்று தேறினான். அம்மாக்காரி ஆபீஸ் முழுக்கத் தம்பட்டம் அடித்தாள். இங்கே கூட்டம் கூடியது.

போன வாரம் அப்பன்காரன் வேலை விஷயமாக வெளியூர் கிளம்பினான்.

"நான் சொன்னா சண்டை வரும்க்கா. நீங்க சொன்னா கேட்டுக்குவா. பாட்டில் கொடுக்கச் சொல்லிடுங்க."

"நான் பார்த்துக்கறேன் தம்பி. நீ நிம்மதியா போ."

பார்த்துக்கொண்டாள், போனை! எடுப்பாள், வைப்பாள். சொன்னால் பிள்ளை எதனால் தூங்கினான் என்பது ஊருக்கே தெரிந்துவிடுமே. தாய்ப்பாலே போதும், பிள்ளை வளர்ந்துவிட்டான் என்று தனக்குத்தானே பூசி மெழுகிக்கொண்டாள். நெஞ்சு குறுகுறுத்துக்கொண்டேதான் இருந்தது.

புருஷன் ஊருக்குப் போனதிலிருந்து லீவில் இருந்த அம்மாக்காரியே இன்று வந்து நின்றாள். கூடவே ஆபீஸ் தோழி ஒருத்தி, கைக்குழந்தையோடு. அவளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

"அவர் ஊருக்குப் போனதிலேர்ந்து விடாம அழறான்க்கா. இன்னைக்கு அழக்கூடத் தெம்பில்ல. உங்க கை பட்டாப் போதும்னு ஓடி வந்தேன்."

பஞ்சுக்கை பிள்ளைக்கு அடியில் கையைக் கொடுத்தாள். கனமே இல்லை. விலா எலும்பு விரலில் தட்டியது. உச்சிக்குழி உள்வாங்கியிருந்தது. உதடு காய்ந்து கிடந்தது. ஐயோ, இது நான் பண்ணின பாவம்! பிள்ளை தலையைத் திருப்பி, அவள் சுண்டுவிரலைக் கவ்வி உறிஞ்சினான்.

அவள் வெடுக்கென்று கையை எடுத்தாள்.

"என்னக்கா, ஆரம்பிங்க."

"இவனுக்குப் பசிம்மா. முன்னாடி அழுததும் பசியிலதான். உன் வீட்டுக்காரர் இங்க உட்கார்ந்து பாட்டில் கொடுத்தாரு, அதனாலதான் தூங்கினான். என் கையால இல்ல. உன்கிட்ட சொல்லச் சொல்லிட்டுத்தான் போனாரு. நான்தான் சொல்லல. என் பேர் போயிடுமேன்னு சொல்லல. தூக்கு, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம், நானும் வரேன்."

திட்டுவாள், அறைவாள் என்று பஞ்சுக்கை நின்றாள். திட்டினால் தேவலை போலிருந்தது. அம்மாக்காரி பிள்ளையை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"என் பால் பத்தலையா?" என்று அவன் உச்சியில் வாய் வைத்துக் கேட்டாள்.

கதவைத் திறந்ததும் தோழி எழுந்தாள். அவள் கைக்குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

"அடுத்து நாங்கதானே?"

அம்மாக்காரி வாசலிலேயே நின்று திரும்பினாள்.

"இவ வரமாட்டேன்னுதான் சொன்னா. உங்க கைராசியச் சொல்லி நான்தான் இழுத்துட்டு வந்தேன். சொல்லுங்க, இந்தக் குழந்தை எதுக்கு அழுவுது?"

பெஞ்சில் இருந்த அத்தனை தாய்மாரும் பஞ்சுக்கையைப் பார்த்தார்கள்.

"எனக்குத் தெரியாதும்மா," என்றாள். "அதையும் டாக்டர்கிட்டயே காட்டுங்க."