பதினோரு கண் பாலம்

ஆற்றுப்பாலத்தைப் பழுதுபார்க்கக் கேட்ட பணத்தை ரயில் கம்பெனியின் நிர்வாகக் குழு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்த மறுநாள் காலை, பாலத்தின் பதினோரு கண்களில் ஒன்று காணாமல் போயிருந்தது. இடிந்து விழவில்லை, தூணோ இரும்போ தண்டவாளமோ எதுவும் ஆற்றில் கிடக்கவில்லை. ஏழு ஐம்பது வண்டி வழக்கம்போல வந்து, அந்த இடைவெளியை வெறும் காற்றில் கடந்து, அக்கரை நிலையத்தில் ஒரு நிமிடம் தாமதமாக நின்றது. கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பாலத்து மேற்பார்வையாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வண்டியை ஓட்டியவள் அவர் மனைவி.

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. மேற்பார்வையாளர் ஆண்டுதோறும் பாலத்தைப் பற்றி நாற்பது பக்கம் எழுதி அனுப்ப வேண்டும். மேலிடத்தில் கடைசிக் கேள்வியின் பதிலை மட்டும் படிப்பார்கள்: இந்த ஆண்டு வண்டி நின்றதா? இவரோ பொய் சொல்லத் தெரியாத மனிதர். தூணில் விரிசல், இரும்பில் துரு, ஒரு கண்ணையே காணோம் என்றெல்லாம் கை வலிக்க எழுதிவிட்டு, கடைசியில் 'இல்லை' என்று முடிப்பார். ஓடுகிற வண்டிக்கு எதற்குப் பாலம் என்று பணம் மறுபடி தள்ளிப்போகும். ஆண்டுக்கொரு கண் மறைந்தது. நிலையக் கூரைக்கும் தலைமை அலுவலக லிஃப்டுக்கும் செலவு ஏறிக்கொண்டே போக, கணக்கு வரைபடத்தில் பாலச் செலவின் கோடு மட்டும் தரையோடு படுத்துவிட்டது, பங்குதாரர்கள் கைதட்டினார்கள். பயணிகள் முதல் ஆண்டு அலறினார்கள், இரண்டாம் ஆண்டு கண்ணை மூடிக்கொண்டார்கள், மூன்றாம் ஆண்டு ஜன்னலோர இருக்கைக்குச் சண்டை போட்டார்கள். மேற்பார்வையாளருக்கு மட்டும் அது பழகவேயில்லை. தினமும் காலையில் மனைவி ஆற்றைக் கடந்து முடிக்கும்வரை கரையிலேயே நிற்பார், இரவில் சாப்பாட்டுத் தட்டின் முன் அதையே சொல்லுவார்.

"கீழ பாக்காமத்தான் ஓட்டுறேன், ஒண்ணும் ஆகாது. நீங்க சாப்பிடுங்க," என்பாள் அவள்.

பதினோராம் ஆண்டு கடைசிக் கண்ணும் போனது. அன்று காலை அவர் கரையோரத் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து, வாழ்நாளின் முதல் பொய்யாக, 'ஆம், நின்றது' என்று எழுதினார். பேனாவைத் தூக்கிய கணத்தில் ஏழு ஐம்பது நடு ஆற்றுக்கு மேலே நின்றுவிட்டது. அடித்துப் பிடித்து வெளியே ஓடி வந்தார். எட்டுப் பெட்டிகள் அந்தரத்தில் அசையாமல் நின்றன. பயணிகளை நூலேணி வைத்துப் படகுகளில் இறக்க மாலையாகிவிட்டது. வண்டியைத் தனியே விட்டு ஓட்டுநர் இறங்கக்கூடாது என்பது விதி, அவள் இறங்கவில்லை.

"என் கையாலயே உன்னை மாட்டிவிட்டுட்டேனே! வண்டி நின்னதுன்னு எழுதினதை இப்பவே போய் அடிச்சிடுறேன்," என்று அவர் படகிலிருந்து கத்தினார்.

"அடிச்சா வண்டி ஓடும், பணம் வராது," என்று மேலிருந்து பதில் வந்தது. "எழுதினது எழுதினதாவே இருக்கட்டும். பாலத்தைக் கட்டி முடிக்கட்டும். நான் இருக்கேன்."

ஒரே வாரத்தில் பணம் ஒதுக்கினார்கள். படுத்திருந்த கோடு எழுந்து காகிதத்தின் விளிம்பைத் தொட்டது. வேலை நான்கு ஆண்டுகள் நடந்தது. அவர் தினமும் படகில் போய் சாப்பாட்டையும் துவைத்த துணியையும் கயிற்றில் கட்டி அனுப்பினார். சில நாட்கள் அழுதார், சில நாட்கள் உப்பு போதவில்லை என்று திட்டு வாங்கினார். சக்கரங்களுக்கு அடியில் கடைசித் தண்டவாளத்தைப் பொருத்திய அன்று, பழைய அறிக்கையை மேலிடத்திலிருந்து தேடி வாங்கி 'ஆம்' என்பதை அடித்தார். வண்டி நகர்ந்தது. ஏழு ஐம்பது நான்கு ஆண்டு இரண்டு மாதம் தாமதமாக வருவதாக அக்கரையில் அறிவித்தார்கள். காத்திருந்தவர்கள் கம்பெனியை வாயாரத் திட்டினார்கள்.

அவள் இறங்கினாள். பாதங்கள் நடைமேடைக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டன. அழுத்திப் பார்த்தாள், இறங்கவில்லை. கம்பெனி மருத்துவர் ரத்த அழுத்தம் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டார். மேற்பார்வையாளர் குனிந்து அவள் பாதங்களைப் பார்த்தார்.

"வலிக்குதா?" என்று கேட்டார்.

"இல்ல. பசிக்குது," என்றாள்.

அந்த வாரமே வீட்டு அடுப்பு மேடையை ஒரு சாண் உயர்த்திக் கட்டினார். தான் சமைக்கும் நாட்களுக்கு, கீழே ஒரு பலகையைப் போட்டு ஏறி நின்றுகொண்டார்.